மாநிறத் தோலுக்கு எந்த லேசர்? முடி நீக்கும் வழிகள், ஓர் ஒப்பீடு

லேசர் முடி நீக்கம் பற்றி விசாரிப்பவர்கள் பெரும்பாலும் ஆறு சிட்டிங்குக்கு எவ்வளவு ஆகும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அங்கே இருக்கும் இயந்திரம் எந்த வகை, அதன் அலைநீளம் எவ்வளவு என்று கேட்பவர்கள் குறைவு. மாநிறமும் கருநிறமும் கொண்ட நமக்கு இரண்டாவது கேள்வியே முக்கியமானது. தோலில் தழும்பு விழுமா விழாதா என்பது பெருமளவுக்கு அதைப் பொறுத்தே அமைகிறது.

ஒரு நிறமி விரும்பி உறிஞ்சும் அலைநீளத்தில், மிகக் குறுகிய நேரத் துடிப்பாக ஒளியைப் பாய்ச்சினால், சுற்றியுள்ள திசுவைச் சுடாமல் அந்த இலக்கை மட்டும் சூடாக்க முடியும் என்று ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்ற இரு அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் 1983இல் எழுதினார்கள். முடி நீக்கத்தில் அந்த இலக்கு முடிக்குக் கறுப்பு நிறம் தரும் மெலனின் என்ற நிறமி. அதே மெலனின்தான் நம் மேல்தோலிலும் நிறைந்திருக்கிறது. வேர்க்காலுக்குப் போய்ச் சேர வேண்டிய சூட்டை வழியிலேயே தோல் வாங்கிக்கொண்டால் கொப்புளமும், பிறகு மாதக்கணக்கில் மறையாத கருந்திட்டும் மிஞ்சும்.

அலெக்ஸாண்ட்ரைட் லேசரின் அலைநீளம் 755 நானோமீட்டர். மெலனின் இதை நன்றாக உறிஞ்சுவதால், வெளுத்த தோலில் உள்ள கறுப்பு முடிக்கு வேகமான பலன் தரும். நம் தோலிலோ அந்த வேகமே ஆபத்து. ஏறத்தாழ 800 முதல் 810 வரையுள்ள டையோடு இடைப்பட்டது. துடிப்பின் நேரத்தை நீட்டி, தோலைக் குளிர்விக்கும் முனையோடு பயன்படுத்தினால் மாநிறத்துக்குப் பொருந்தும். 1064 நானோமீட்டர் கொண்ட என்டி யாக் லேசரை மெலனின் குறைவாகவே உறிஞ்சுகிறது. ஒளி மேல்தோலைத் தாண்டி ஆழமாக இறங்குகிறது. கருநிறத் தோலுக்கு இதுவே பாதுகாப்பானது. ஆனால் வலி கூடுதல், மெல்லிய முடியில் பலன் குறைவு, சிட்டிங் எண்ணிக்கையும் கூடலாம். இத்தனை குறை இருந்தும் கருநிறத்தவருக்கு நான் இதையே பரிந்துரைப்பேன். இரண்டு சிட்டிங் அதிகமாவது முகத்தில் கருந்திட்டோடு ஓராண்டு நடமாடுவதைவிட மேல்.

ஐபிஎல் எனப்படும் தீவிரத் துடிப்பு ஒளி லேசரே அல்ல. ஒரே அலைநீளத்துக்குப் பதிலாக அகன்ற ஒளிக்கற்றையை வடிகட்டி அனுப்பும் விளக்கு அது. வீட்டில் பயன்படுத்த விற்கப்படும் கருவிகள் பலவும் இந்த வகைதான். அவற்றின் பெட்டியில் தோல் நிற அட்டவணை ஒன்று இருக்கும். அதில் மிகக் கருமையான நிறங்களுக்கு எதிரே பயன்படுத்தக் கூடாது என்ற குறி போட்டிருப்பார்கள். அதைப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

ஒளியே இல்லாத வழி எலெக்ட்ரோலிசிஸ். ஒவ்வொரு வேர்க்காலிலும் ஊசி நுழைத்து மின்சாரம் செலுத்துவதால் தோலின் நிறமும் முடியின் நிறமும் பொருட்டல்ல. லேசருக்குச் சிக்காத நரைமுடிக்கும் இது உதவும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் லேசருக்கு ‘நிலையான முடிக் குறைப்பு’ என்ற அளவிலேயே அனுமதி தருகிறது. ‘நிலையான நீக்கம்’ என்ற சொல்லை எலெக்ட்ரோலிசிஸுக்கே அளிக்கிறது. காலுக்கும் முதுகுக்கும் இது நடைமுறைக்கு ஒவ்வாத அளவு மெதுவானது. தாடையில் பத்துப் பன்னிரண்டு முரட்டு முடிகள் மட்டும் இருப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை.

கன்னத்துப் பூனைமுடிக்கு லேசர் கேட்பவர்களைத் தடுக்கவே விரும்புகிறேன். முகத்திலும் கழுத்திலும், குறிப்பாகத் தெற்காசிய, மத்தியக் கிழக்குப் பெண்களில் சிலருக்கு, லேசருக்குப் பிறகு முடி குறையாமல் அடர்வது உண்டு. தாடையில் திடீரென முரட்டு முடி வளர்ந்து மாதவிடாயும் தவறினால், முதலில் பிசிஓடி என்ற சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும். ஹார்மோனைக் கவனிக்காவிட்டால் புதிய முடி வந்துகொண்டே இருக்கும்.

முன்னேற்பாடுகளில் அதிகம் தவறுவது த்ரெடிங்கும் வேக்சிங்கும். இரண்டும் முடியை வேரோடு பிடுங்கிவிடுவதால் ஒளிக்கு இலக்கே இருக்காது. நான்கு வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும். ஷேவிங் செய்யலாம், முந்தின நாள் செய்தே ஆக வேண்டும். தோலுக்கு மேல் நிற்கும் முடி எரிந்து தோலைச் சுடும். வெயிலில் கறுத்த தோலோடு போகக் கூடாது, பச்சை குத்திய இடத்தில் ஒளி படவே கூடாது. டாக்ஸிசைக்ளின் போன்ற, வெயில் ஒவ்வாமையைத் தூண்டும் மாத்திரைகள் எடுப்பவர்கள் மருத்துவரிடம் முன்பே சொல்ல வேண்டும். மரத்துப்போகச் செய்யும் க்ரீமை வீட்டிலேயே கால் முழுவதும் பூசிக்கொண்டு போவது உயிருக்கே ஆபத்தானது. அப்படிப் பூசி, மேலே பிளாஸ்டிக் உறையும் சுற்றிக்கொண்ட 22, 25 வயதுப் பெண்கள் இருவர் வலிப்பு வந்து இறந்ததைச் சொல்லி அதே அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2007இல் எச்சரித்தது.

என் அக்கா மகளுடன் ஒரு மையத்துக்குப் போயிருந்தேன். முதலில் ஒரு சிறு இடத்தில் மட்டும் ஒளியைப் பாய்ச்சித் தோல் தாங்குகிறதா என்று பார்க்கும் சோதனைப் புள்ளி போடாமலே தொடங்கப் பார்த்தார்கள். வற்புறுத்திய பிறகு காதுக்குக் கீழே மூன்று இடங்களில் மட்டும் சுட்டார்கள். கருகிய முடி வாசனை வந்தது. சில நிமிடங்களில் ஒவ்வொரு முடியின் அடியிலும் கடுகளவு வீக்கம், எறும்பு கடித்ததுபோல எழுந்தது. அதுதான் சரியான அளவின் அடையாளம். தோல் சாம்பல் பூத்தாலோ வெளுத்தாலோ சூடு மிஞ்சிவிட்டது என்று பொருள். சோதனைக்குப் பின் இரண்டு நாள் பார்த்துவிட்டே முழு சிட்டிங்குக்கு ஒப்புக்கொள்ள வேண்டும்.

முடிந்த பிறகு சிவப்பும் வீக்கமும் ஓரிரு நாளில் அடங்கும். துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம் போதும். அந்த நாட்களில் வெந்நீர்க் குளியல், வியர்க்கும் உடற்பயிற்சி, தேய்த்துப் பூசும் கடலை மாவு எதுவும் வேண்டாம். எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீனை மேகமூட்ட நாளிலும் தடவ வேண்டும். கொப்புளம் எழுந்தால் உடைக்காமல் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் கறுப்புப் புள்ளிகளாக முடி மேலே தள்ளப்படும். மீண்டும் வளர்கிறது என்று பயந்து பலர் பிடுங்குகிறார்கள். அது இறந்த முடி, தானே உதிரும். வளரும் பருவத்தில் இருக்கும் முடியை மட்டுமே லேசர் அழிப்பதால், முகத்துக்கு நான்கு முதல் ஆறு வாரம், உடலுக்கு ஆறு முதல் எட்டு வாரம் இடைவெளி விடுகிறார்கள். அதற்குள் வெயிலில் அலைந்து கறுத்திருந்தாலோ, மையம் இயந்திரத்தை மாற்றியிருந்தாலோ, அடுத்த முறையும் சோதனைப் புள்ளியிலிருந்தே தொடங்கச் சொல்லுங்கள்.