ஸ்டிக்கரில் எம்பிபிடி, உள்ளே வேறு: சோலார் இன்வெர்ட்டர் வாங்குகிறவர்கள் கவனிக்கவும்

வீட்டிலேயே சோலார் பேனல் செய்து, அதற்கு இன்வெர்ட்டர் தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். எம்பிபிடி (பேனலின் கூடுதல் வோல்ட்டைப் பேட்டரிக்கு ஏற்ற கூடுதல் ஆம்பியராக மாற்றித் தருகிற சார்ஜர்) என்று நம்பி வேறொன்றை வாங்கியதில் எனக்கு 11,800 ரூபாயும் மூன்று மாதமும் போயிருக்கின்றன.

திருச்செங்கோடு பக்கம் எங்கள் வீடு. ராத்திரி கரண்ட் போனாலும் அப்பாவுக்கு நெபுலைசர் ஓடவேண்டும். அதற்காகத்தான் இந்த வேலையில் இறங்கினேன். ஆறு அங்குல பாலிகிரிஸ்டலைன் சோலார் செல்களை வாங்கி, பேனலுக்கு 36 செல் வீதம் நானே சால்டர் வைத்து நான்கு பேனல் செய்தேன். லோடு இல்லாதபோது ஒரு செல் 0.6 வோல்ட் காட்டும். 36 செல்லுக்கு 21.6. மொட்டை மாடி வெயிலில் வைத்துப் பார்த்தபோது நான்குமே 20 வோல்ட்டைத் தொட்டன, கரண்ட் 8 ஆம்பியருக்குக் கொஞ்சம் கீழே. அந்த எண்களையும் தேதியையும் ஒவ்வொரு பேனலின் முதுகிலும் மார்க்கரால் எழுதி வைத்தேன்.

சிக்கல் வயரில் இருந்தது. மாடியிலிருந்து பேட்டரி அறைக்கு 18 மீட்டர். நான் இழுத்திருந்தது 4 ஸ்கொயர் (4 சதுர மில்லிமீட்டர்) வயர். போக வர 36 மீட்டருக்கு அதன் தடை கிட்டத்தட்ட 0.18 ஓம். நான்கு பேனலையும் பேரலலில் (ஆம்பியர் மட்டும் கூடும்படி) போட்டால் 30 ஆம்பியர் வரும், வயரிலேயே 5 வோல்ட் போய்விடும். நம் ஊர் மே மாத வெயிலில் செல் 65 டிகிரி வரை சூடேறும். 18 வோல்ட்டில் வேலை செய்யவேண்டிய பேனல் 15க்கு வந்துவிடும். அதிலும் 5 போனால் பேட்டரிக்கு எங்கே முழுசாக ஏறும்? அதனால் இரண்டிரண்டாக சீரிஸில் (வோல்ட் கூடும்படி) சேர்த்து, 30 வோல்ட் 15 ஆம்பியராகக் கீழே இறக்கிவிட்டு, அதை 12 வோல்ட் பேட்டரிக்குத் தகுந்தபடி மாற்றித் தருகிற எம்பிபிடி இன்வெர்ட்டர் வாங்குவதென்று முடிவு செய்தேன். அந்தக் கணக்கு சரியான கணக்குதான்.

ஈரோட்டில் ஒரு கடை. கடைக்காரரிடம் இதையெல்லாம் தாளில் எழுதியே கொண்டுபோய்க் காட்டினேன். "எல்லாமே எம்பிபிடி தானுங்க. இப்ப யாருங்க பழசு போடறாங்க?" என்றார். பெட்டியின் முகப்பிலும் 'எம்பிபிடி 40 ஆம்ப்' என்று பளபளவென்று ஸ்டிக்கர் இருந்தது. பில் கேட்டதற்கு, "ஜிஎஸ்டி போட்டா கூட ஆகுமுங்க" என்று ஒரு எஸ்டிமேட் சீட்டில் 'சோலார் இன்வெர்ட்டர் 1' என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். இதைத்தான் நான் செய்திருக்கக் கூடாது.

மாட்டிய அன்றிலிருந்தே சாயங்காலம் பேட்டரி பாதிதான் நிறைந்தது. ஒரு வாரம் மேகம் என்று நினைத்தேன், அப்புறம் சால்டரில் எங்கோ விட்டுவிட்டேனோ என்று நான்கு பேனலையும் இறக்கிச் சோதித்தேன். எல்லா எண்ணும் முதுகில் எழுதியிருந்தபடியே வந்தன.

நண்பரிடம் டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டரை இரவல் வாங்கி வந்தேன். நல்ல உச்சி வெயில், பேட்டரி பாதிக்கும் கீழே. பேனல் வயரில் மாட்டினேன்: 14.6 ஆம்பியர். பேட்டரி வயருக்கு மாற்றினேன்: 14.4. இரண்டு வயரிலும் ஒரே கரண்ட்! உண்மையான எம்பிபிடியாக இருந்தால் பேனல் பக்கம் வோல்ட் கூடுதலாகவும், பேட்டரி பக்கம் ஆம்பியர் கூடுதலாகவும் இருக்கவேண்டும். எனக்கு அங்கே 28 வந்திருக்கவேண்டும். அப்படியே மல்டிமீட்டரை எடுத்து இன்வெர்ட்டரில் பேனல் வயர் சேரும் முனையில் வைத்தேன். 30 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டிய இடத்தில் 13.7. அதாவது உள்ளே இருப்பது பிடபிள்யூஎம். அது ஒரு சுவிட்ச் மாதிரி, பேனலை நேராகப் பேட்டரியோடு கோத்துவிடும். பேட்டரி எந்த வோல்ட்டில் இருக்கிறதோ அந்த வோல்ட்டுக்குப் பேனலையும் இழுத்துவிடும். செய்த நான்கு பேனலில் இரண்டின் கரண்ட் தினமும் வீணாகிக்கொண்டிருந்தது.

இன்னொரு ஆபத்தும் இருந்தது. 12 வோல்ட் பிடபிள்யூஎம் பெட்டிகள் பலவற்றில் பேனல் பக்கம் 25 வோல்ட்டுக்கு மேல் தரக் கூடாது. என்னுடைய இரண்டு பேனல் சீரிஸில் 40 வோல்ட்டைத் தாண்டும், குளிர்ந்த காலை நேரத்தில் இன்னும் கூடும். பெட்டி புகையாமல் இருந்ததே பெரிய விஷயம். பக்கத்திலேயேதான் அப்பா படுத்திருப்பார்.

திரும்பக் கடைக்குப் போனால், "வீட்ல செஞ்ச பேனல்ங்க, அதுக்கு எந்த மெஷின் போட்டாலும் இப்படித்தான்" என்றார். நான் அளந்த எண்களைக் காட்டினேன், பார்க்கவே இல்லை. கைவேலைப் பேனல் வைத்திருப்பவர்களிடம் எல்லாக் கோளாறையும் பேனல் தலையில் கட்டிவிடலாம் என்று அவர்களுக்குத் தெரியும். கோபத்தில் ஒரு ரிப்பேர் மெக்கானிக்கிடம் கொடுத்துத் திறந்து பார்க்கச் சொன்னேன். எம்பிபிடி போர்டில் செம்புக்கம்பி சுற்றிய தடித்த காயில் ஒன்று கட்டாயம் இருக்கும். இதில் சார்ஜர் போர்டில் அலுமினியத் தகட்டின் மேல் நான்கு மாஸ்ஃபெட் (சுவிட்ச் வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) மட்டும் இருந்தன. உண்மை தெரிந்தது, ஆனால் சீல் உடைந்ததென்று வாரன்டியும் போனது. நீங்கள் திறக்காதீர்கள். மீட்டர் அளவே போதும். இரண்டு முனையிலும் அளப்பதைத் தேதி தெரிகிற மாதிரி வீடியோ எடுத்துவிடுங்கள்.

வாங்குவதற்கு முன்னால் பெட்டியின் ஸ்டிக்கரை விட்டுவிட்டுக் கையேட்டைக் கேளுங்கள். பேனல் பக்கம் அதிகபட்ச வோல்ட் எவ்வளவு, அதிகபட்ச ஆம்பியர் எவ்வளவு என்று இரண்டு எண் அதில் அச்சாகியிருக்கவேண்டும். உங்கள் பேனலின் (சீரிஸில் சேர்த்திருந்தால் மொத்தத்தின்) லோடு இல்லாத வோல்ட்டைவிட ஐந்தில் ஒரு பங்காவது கூடுதலாக அந்த வோல்ட் இருக்கட்டும். 'எம்பிபிடி' என்ற சொல்லோடு, மாடல் எண்ணோடு, ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். பேட்டரி வைத்து ஓட்டப்போகிறவர்களிடம் கிரிட்டோடு (மின்வாரிய லைனோடு) சேர்க்கிற இன்வெர்ட்டரைத் தள்ளிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். லைனில் கரண்ட் போனால் அது தானும் நின்றுவிடும். தவிர, பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவில்லாத கைவேலைப் பேனலுக்கு, உபரி மின்சாரத்தை வாரியத்துக்குக் கொடுத்துக் கணக்கில் கழிக்கிற நெட் மீட்டர் கிடைக்காது.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு தயாராகிறது; ஐந்து லட்சம் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும். கையில் இருப்பது எஸ்டிமேட் சீட்டு என்பதுதான் உறுத்துகிறது. நல்லவேளையாகப் பணத்தை ஜிபேயில் அனுப்பியிருந்தேன்.

இப்போது தனியாக ஒரு எம்பிபிடி சார்ஜ் கன்ட்ரோலர் வாங்கி, பேனலை அதன் வழியாகப் பேட்டரிக்குக் கொடுத்திருக்கிறேன். நேற்று மதியம் அதே நான்கு பேனல், அதே வயர். பேனல் பக்கம் 14.5, பேட்டரி பக்கம் 27.8.