மூளை வெட்ட வைப்ரடோம்: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பின்

சுண்டெலி மூளையைக் கான்ஃபோக்கல் நுண்ணோக்கியில் படம் எடுக்கும் லேபுக்கு எது வேண்டும்: உறைந்த திசுவைச் சீவும் கிரையோஸ்டாட்டா, அதிரும் பிளேடால் உறையாத திசுவை வெட்டும் வைப்ரடோமா? 40, 50 மைக்ரான் தடிமன் போதுமென்றால் தயங்காமல் வைப்ரடோம் என்பேன். மூளையை உறைய வைக்கும் வேலை இல்லை. அதனால் மூளை சுக்ரோஸ் கரைசலில் மூழ்கும்வரை காத்திருக்க வேண்டாம், ஐஸ் படிகம் திசுவில் ஓட்டை போடும் என்ற கவலையும் வேண்டாம். குறை ஒன்றுதான்: மெதுவான மெஷின். நொடிக்கு 0.2 மி.மீ. வேகத்தில் ஒரு செக்ஷனுக்கு (மெல்லிய சீவலுக்கு) ஏறக்குறைய ஒரு நிமிடம் பிடிக்கும், 4 மி.மீ. நீளத்தை 40 மைக்ரானாக வெட்டினால் 100 செக்ஷன். மதியப் பொழுது முழுக்க அதற்கே போய்விடும்.

செக்ஷன் நன்றாக வருமா என்பது மெஷினுக்கு வருவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. பர்ஃப்யூஷனில் (இதயம் வழியாகக் கரைசல் செலுத்துவதில்) கல்லீரல் வெளுக்கும்வரை சலைன், பிறகு திசுவைப் பதப்படுத்தும் (ஃபிக்ஸ் செய்யும்) 4% பேராஃபார்மால்டிஹைடு. மூளையை எடுத்ததும் அதே கரைசலில் 4 டிகிரியில் ஓர் இரவு. சரியாக ஃபிக்ஸ் ஆன மூளை வெண்மையாக, அழுத்தினால் பனீர் போல இருக்கும். இளஞ்சிவப்பாக இருந்தால் ரத்தம் தங்கியிருக்கிறது. வெட்டும்போது குழையும், சிவப்பணுக்கள் பச்சை சேனலில் தாமாகவே ஒளிர்ந்து படத்தையும் கெடுக்கும். வாரக்கணக்கில் ஃபிக்ஸேட்டிவிலேயே விட்டுவிட்டால் சாயமேற்றப் பயன்படும் ஆன்டிபாடி பிடிப்பது குறையும்.

ஒட்டுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். சிறுமூளையை நேராக வெட்டி நீக்கி, அந்த வெட்டு முகத்தை ஃபில்டர் பேப்பரில் ஒற்றி ஈரம் எடுக்க வேண்டும். தட்டில் சூப்பர் க்ளூவை மெல்லிய படலமாகத் தடவி, மூளையை நிறுத்தி, ஓரிரு நிமிடம் கழித்தே பஃபர் ஊற்ற வேண்டும். ஈரம் இருந்தால் பாதி வெட்டில் மூளை பெயர்ந்துவிடும். பசை அதிகமானால் பக்கவாட்டில் ஏறி இறுகிவிடும்; பிளேடு அதில் மோதும். மூளைக்குப் பின்னால், அதைத் தொட்டபடி, 4% அகரோஸ் கட்டி ஒன்றை ஒட்டிவைத்தால் மேல்பகுதி ஆடாது.

பிளேடில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும். எத்தனாலில் துடைத்துவிட்டு மாட்டுங்கள். மூளைக்கு ஒரு பிளேடு. இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

வெட்டப்படாமல் மூளை முன்னால் தள்ளப்படுகிறதா? வேகத்தைக் குறையுங்கள், பிளேடு பக்கவாட்டில் அதிரும் வீச்சைக் கூட்டுங்கள். ஒன்று தடிமனாகவும் அடுத்தது மெலிதாகவும் வந்தால் பசையையோ பிளேடு திருகையோ சந்தேகிக்கலாம். இணைகோடுகளாக அலை விழுந்தால் பிளேடு மழுங்கியிருக்கிறது, இல்லை திருகு தளர்ந்திருக்கிறது. ஓரத்தில் மட்டும் இழுபட்டுக் கிழிந்தால் அநேகமாக மூளையுறை மிச்சமிருக்கும். நுண் ஃபோர்செப்ஸால் முன்பே உரித்துவிட வேண்டும். ஹிப்போகேம்பஸ் பகுதியில் கார்டெக்ஸ் (மூளையின் மேலடுக்கு) தனியே பிரிந்து மிதப்பது ஃபிக்ஸேஷன் நன்றாக இருந்தாலும் நடக்கும், ஏனென்றால் இடையில் வென்ட்ரிகிள் (மூளைக்குள் உள்ள திரவக் குழி) வெற்றிடமாக இருக்கிறது. அந்தப் பகுதி முக்கியமென்றால், குறைந்த வெப்பத்தில் உருகும் அகரோஸை 40 டிகிரி அளவுக்கு ஆறவிட்டு, மூளை முழுவதையும் அதில் பதித்தே வெட்டுங்கள்.

செக்ஷன்களை மெல்லிய தூரிகையால் எடுத்து, குழித்தட்டின் ஆறு குழிகளில் வரிசையாகச் சுற்றிச் சுற்றிப் போடுவது நல்ல வழக்கம். 40 மைக்ரான் என்றால் ஒவ்வொரு குழியிலும் 240 மைக்ரானுக்கு ஒன்று என மூளை முழுவதற்கும் ஒரு தொடர் கிடைக்கும். ஆறு வெவ்வேறு சாயங்களுக்கு ஒரே மூளை போதும். சில வாரங்களுக்கு 0.02% சோடியம் அசைடு சேர்த்த பஃபரில் 4 டிகிரி. மாதக்கணக்கென்றால் கிளிசரால், எத்திலீன் கிளைக்கால் கலந்த கரைசலில் மைனஸ் 20. அசைடு நஞ்சு, அதோடு பெராக்சிடேஸ் நொதியையும் முடக்கும். அந்த நொதியால் நிறமேறும் டிஏபி சாயத்துக்கு முன் நன்றாக அலசுங்கள்.

வேலை முடிந்ததும் பஃபர் தொட்டியையும் பிளேடு பிடிப்பானையும் காய்ச்சிவடித்த நீரில் கழுவித் துடைத்தே ஆக வேண்டும். உப்பு காய்ந்தால் திருகு துருப்பிடிக்கும், அடுத்த மாதமே அலைக்கோடுகள் தொடங்கும்.

10, 20 மைக்ரான் தேவைப்படுபவர்களுக்கு இது சரிவராது. பேட்ச் கிளாம்ப் (ஒற்றைச் செல்லின் மின்னோட்டத்தை அளக்கும் முறை) செய்ய 300 மைக்ரான் உயிருள்ள ஸ்லைஸ் வேண்டுமென்றால், பிளேடின் மேல்கீழ் அதிர்வை அளந்து திருத்தும் வசதியுள்ள மாடலையே வாங்குங்கள். அந்த அதிர்வு அதிகமானால் ஸ்லைஸின் மேற்பரப்புச் செல்கள் செத்துவிடும்.