களமிறங்கத் தகுதி: டெக்சஸ் விதியும் கலிபோர்னியா விதியும்

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவர் பள்ளி அணிக்காக விளையாட எவ்வளவு மதிப்பெண் வேண்டும் என்பதற்கு நாடு முழுமைக்கும் பொதுவான விதி கிடையாது. ஒவ்வொரு மாநிலமும் தனக்கென ஒரு வரம்பு வைத்திருக்கிறது. தமிழ்க் குடும்பங்கள் திரளாக வாழும் டெக்சஸும் கலிபோர்னியாவும் இதில் வெவ்வேறு வழிகளில் போகின்றன. வேலை மாறி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் குடிபெயரும் பெற்றோர், வீடு பார்ப்பதற்கு முன்பே இந்த வேறுபாட்டைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

டெக்சஸின் விதிக்கு 'நோ பாஸ், நோ பிளே' (தேறாவிட்டால் ஆட்டமில்லை) என்று பெயர். டாலஸ் தொழிலதிபர் ராஸ் பெரோ தலைமையிலான குழுவின் பரிந்துரைகளை ஒட்டி, ஆளுநர் மார்க் வைட் காலத்தில், 1984-இல் அது சட்டமானது. எந்த ஒரு பாடத்திலும் நூற்றுக்கு 70-க்குக் கீழே போனால் போட்டியில் இறங்க முடியாது. கால்பந்துக்கு மட்டுமன்றி, இசைக்குழு, விவாதப் போட்டி ஆகியவற்றுக்கும் இதே வரம்புதான். பெற்றோர் வழக்குத் தொடுத்தபோது, பாடம் சாராத செயல்களில் பங்கேற்பது அடிப்படை உரிமை ஆகாது என்று கூறி, 1985-இல் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் சட்டத்தை உறுதி செய்தது. தொடக்கத்தில் ஆறு வாரமாக இருந்த விலக்கம் 1995-இல் தளர்த்தப்பட்டது. இப்போது மூன்று பள்ளி வாரங்கள் கழித்து எல்லாப் பாடங்களிலும் தேறியிருந்தால் மாணவர் திரும்ப வரலாம். விலக்கப்பட்ட நாள்களிலும் அணியோடு பயிற்சி செய்யத் தடையில்லை. ஏபி, ஐபி போன்ற, கல்லூரித் தரத்தில் நடக்கும் கடினமான வகுப்புகளுக்கு இந்த விதியிலிருந்து விலக்கு உண்டு.

கலிபோர்னியா தனித்தனிப் பாடங்களைப் பார்ப்பதில்லை, சராசரியைப் பார்க்கிறது. ஏ-க்கு 4, பி-க்கு 3, சி-க்கு 2, டி-க்கு 1, தோல்வியான எஃப்-க்கு 0 என்ற நான்கு புள்ளி அளவில் ஜிபிஏ, அதாவது மதிப்பெண் சராசரி, 2.0 இருக்க வேண்டும்; முந்தைய மதிப்பெண் காலத்தில் குறைந்தது 20 கிரெடிட்டுக்கான (தேறிய பாடத்துக்குப் பள்ளி தரும் அலகு) பாடங்களில் தேறியிருக்க வேண்டும். ஒரு பாடத்துக்குச் செமஸ்டருக்கு 5 கிரெடிட் என்பது அங்குள்ள வழக்கம் என்பதால் நான்கு பாடங்களில் தேறினாலே போதும். சராசரி குறைந்த மாணவருக்கு ஒரு செமஸ்டருக்கு மிகாமல் தவணை (விளையாடிக்கொண்டே சராசரியை உயர்த்த அவகாசம்) கொடுக்க, பள்ளிகளை நிர்வகிக்கும் பள்ளி மாவட்டங்களுக்குச் சட்டம் இடம் தருகிறது; கொடுக்காமலும் இருக்கலாம்.

ஆறு பாடம் படிக்கும் ஒரு மாணவிக்குக் கணக்கில் எஃப், இரண்டு பாடங்களில் பி, மூன்றில் சி என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 12 புள்ளி, சராசரி சரியாக 2.0. கணக்கில் தோற்றிருந்தும் கலிபோர்னியாவில் அவர் விளையாடலாம். டெக்சஸில் மூன்று வாரமாவது உட்கார வேண்டும். இன்னொரு மாணவருக்கு இரண்டு சி, நான்கு டி. கலிபோர்னியாவில் டி தேர்ச்சியாகவே கருதப்படுவதால் ஒரு பாடத்திலும் அவர் தோற்கவில்லை, ஆயினும் சராசரி 1.33 என்பதால் தவணை கிடைக்காவிட்டால் அடுத்த மதிப்பெண் அறிக்கை வரை வெளியேதான். என்னைக் கேட்டால், முதல் மாணவியின் நிலைதான் கவலைக்குரியது. கணக்கில் விழுந்த ஓட்டையைச் சராசரி மூடிவிடுகிறது; பருவம் முடியும்வரை யாரும் அதைத் தட்டிக் கேட்பதில்லை. டெக்சஸ் விதி கடுமையாகத் தெரிந்தாலும், குறையை அது பாடத்தின் பெயரோடு சுட்டிக்காட்டுகிறது, மூன்றே வாரத்தில் மீள வழியும் தருகிறது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு மூன்று வாரம் எட்டிப்பிடிக்கக்கூடிய இலக்கு; ஒரு முழுப் பருவம் என்றால் மனம் விட்டுப்போகும். 70 எடுப்பது எளிதான பாடங்களையே தேடிப் போகும் ஆசையை டெக்சஸ் முறை தூண்டுகிறது என்பதையும் மறுக்க முடியாது.

கிரெடிட் கணக்கிலும் வேறுபாடு உண்டு. டெக்சஸில் ஓராண்டுப் பாடத்துக்கு 1 கிரெடிட். கலிபோர்னியாவில் அதுவே 10 என்று பதிவாகும். டெக்சஸில் விளையாட, பத்தாம் வகுப்புத் தொடக்கத்தில் 5 கிரெடிட் கையில் இருக்க வேண்டும். பதினொன்றில் 10, பன்னிரண்டில் 15. அல்லது முந்தைய 12 மாதங்களில் 5 ஈட்டியிருந்தாலும் ஏற்கிறார்கள்.

இரண்டு மாநில விதிகளும் தொடாத இடம் ஒன்று உண்டு. பெற்றோர் பலரும் ஏமாந்துபோவது அங்கேதான். பள்ளியில் நான்காண்டும் தகுதி குறையாமல் ஆடிய மாணவர் கல்லூரி அணிக்குத் தகுதி பெறாமல் போகலாம். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, அதன் உயர்மட்டமான முதல் பிரிவுக்கு ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் போன்றவற்றில் 16 அடிப்படைப் பாடங்களையும் அவற்றில் மட்டும் 2.3 ஜிபிஏவையும் கேட்கிறது. உடற்பயிற்சி வகுப்பில் வாங்கிய ஏ அதில் சேராது. கலிபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகங்கள் சேர்க்கைக்குக் கேட்கும் 15 பாடங்களிலும் சி-க்குக் குறைந்தது எடுபடாது. பள்ளியில் கிரெடிட் தந்த டி அங்கே செல்லாது. ஆகவே பத்தாம் வகுப்பிலேயே பள்ளி கவுன்சிலரிடம் மதிப்பெண் பட்டியலை வைத்துக்கொண்டு, அடிப்படைப் பாடங்கள் எத்தனை முடிந்தன என்று எண்ணிப் பார்த்துவிட வேண்டும். என்.சி.ஏ.ஏ. கேட்கும் 16-இல் 10 பாடங்கள் ஏழாவது செமஸ்டர் (பன்னிரண்டாம் வகுப்பு) தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும், அவற்றுள் ஏழு ஆங்கிலம், கணக்கு, அறிவியலில் இருக்க வேண்டும். ஏழாவது செமஸ்டர் தொடங்கிய பிறகு அந்தப் பத்தில் எதையும் மறுபடி படித்து மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ள முதல் பிரிவு விதி இடம் தருவதில்லை.