மாம்பழ ஐஸ்கிரீம்: எந்தப் பழத்துக்கு எந்த முறை?

கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தில் மே, ஜூன் மாதங்களில் மாம்பழம் இல்லாத வீட்டைக் காண்பது அரிது. மிஞ்சும் பழத்தை ஐஸ்கிரீமாக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றைக் கையாளுகிறார்கள்: கிரீமையும் கண்டென்ஸ்டு மில்க்கையும் அடித்து உறைய வைப்பது, பாலைச் சுண்டக் காய்ச்சிச் சோள மாவில் கெட்டியாக்குவது, உறைந்த பழத்துண்டுகளையே மிக்சியில் அரைப்பது. இவற்றுள் எது சிறந்தது என்று கேட்பவரிடம், கையில் இருப்பது பெங்களூராவா, செந்தூராவா, பங்கனப்பள்ளியா என்று நான் முதலில் கேட்பேன்.

மூன்று முறைகளுக்கும் பொதுவான தொல்லை தண்ணீர்தான். மாம்பழச் சதையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தண்ணீர். அது மெதுவாக உறையும்போது பெரிய படிகங்களாகி நாக்கில் நறநறவென்று படுகிறது. ஐஸ்கிரீம் இயந்திரம் உறையும்போதே கடைந்து காற்றைப் புகுத்துவதால் படிகங்கள் பொடியாகவே நின்றுவிடுகின்றன. வீட்டில் அந்த வேலையைக் கொழுப்போ, சர்க்கரையோ, மாவுச்சத்தோ ஏற்றுக்கொள்ள வேண்டும்.

கிரீம் முறை எளிது, அநேகமாகத் தவறுவதும் இல்லை. 200 மி.லி. விப்பிங் கிரீமைக் குளிர்ந்த பாத்திரத்தில் நுரைத்து எழும்வரை அடித்து, 150 கிராம் கண்டென்ஸ்டு மில்க்கையும் ஒரு கோப்பை மாங்கூழையும் மெதுவாகக் கலந்தால் போதும். இடையில் கிளற வேண்டியதில்லை. பாக்கெட்டில் கிடைக்கும் 25 விழுக்காடு கொழுப்புள்ள ஃபிரெஷ் கிரீம் அப்படி எழும்பாது. கேக் கடைக்காரர்கள் பயன்படுத்தும் தாவர எண்ணெய்க் கிரீம் நன்றாக எழும்பும் என்றாலும், மேலண்ணத்தில் மெழுகு போல் ஒட்டிக்கொள்கிறது. அந்த வகைக் கொழுப்பில் செய்ததை ஐஸ்கிரீம் என்ற பெயரில் விற்க இந்திய உணவுச் சட்டமும் இடம் தருவதில்லை.

இந்த முறையின் குறை இனிப்பு. கண்டென்ஸ்டு மில்க்கில் 40 விழுக்காட்டுக்கு மேல் சர்க்கரைதான். அந்தச் சர்க்கரைதான் ஐஸ்கிரீமைக் கல்லாக விடாமல் காக்கிறது என்பது உண்மையே. ஆனால் அதனுடன் அல்போன்சாவையோ மல்கோவாவையோ சேர்த்தால் இரண்டாவது கரண்டியிலேயே திகட்டிவிடும். இதற்குப் பொருத்தமானது பெங்களூரா. கிளிமூக்கு என்று சொல்லி நேரடியாகச் சாப்பிடுவதில் பலர் ஒதுக்குகிற, நம் மாவட்டத்து மாங்கூழ் ஆலைகளுக்கு லாரி லாரியாகப் போகிற அதே பழம்தான். கூழ் வணிகத்தில் இனிப்பைக் குறிக்கும் பிரிக்ஸ் அளவு அல்போன்சாவுக்குக் குறைந்தது 16 என்றால், பெங்களூராவுக்கு 14 இருந்தாலே ஏற்றுக்கொள்கிறார்கள். அந்தக் குறைந்த இனிப்பும் லேசான புளிப்பும் கண்டென்ஸ்டு மில்க்கின் திகட்டலை அடக்குகின்றன.

பால் முறை உழைப்பைக் கேட்பது. செலவு குறைவு, எனக்கு மிகவும் பிடித்ததும் இதுவே. 6 விழுக்காடு கொழுப்புள்ள ஒரு லிட்டர் பாலை அடி கனத்த பாத்திரத்தில் பாதியாகச் சுண்டக் காய்ச்சினால் கொழுப்பு ஏறத்தாழ 12 விழுக்காடாக உயரும். ஆனால் 100 கிராம் சர்க்கரையும் கால் கிலோ கூழும் சேர்ந்ததும் அது 7 அளவுக்கு இறங்கிவிடுவதால், இரண்டு தேக்கரண்டி சோள மாவைக் குளிர்ந்த பாலில் கரைத்து ஊற்றி, கரண்டியின் பின்புறத்தில் படியும் பதம் வரும்வரை காய்ச்ச வேண்டும். கூழைச் சூடான பாலில் கலந்தால் புளிப்பு பாலைத் திரித்துவிடும். இரண்டும் நன்றாக ஆறிய பிறகே கலக்க வேண்டும்.

இதற்குச் செந்தூரா ஏற்றது. மற்ற இனிப்பு மேலோங்காததால் அதன் மணம் தெளிவாக நிற்கிறது. கொட்டையை ஒட்டிய நாரை வடிகட்டியில் தேய்த்து நீக்கிவிட்டு, கூழில் பாதியை மட்டும் அகன்ற வாணலியில் தண்ணீர் வற்றக் கிளறி, மீதியைப் பச்சையாகவே சேர்ப்பது என் வழக்கம். முழுவதையும் காய்ச்சினால் ஜாம் வாசனை வந்துவிடுகிறது. இரண்டு மூன்று மணி நேரத்தில் ஓரங்கள் இறுகி நடுப்பகுதி இளகியிருக்கும்போது எடுத்து மிக்சியில் ஓட்டி மீண்டும் உறைய வைக்க வேண்டும். இதை இரண்டு முறை செய்தால் படிகங்கள் உடைந்து வழவழப்பு கூடும். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் ஐஸ் அறை தனி ஃபிரீசரைப் போல் அவ்வளவு குளிராது என்பதால், அகலமான, உயரம் குறைந்த டப்பாவில் ஊற்றுவது நல்லது.

மூன்றாவது முறையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நார் குறைந்த பங்கனப்பள்ளித் துண்டுகளை உறைய வைத்து, ஐந்து நிமிடம் வெளியில் வைத்த பின் ஒரு கரண்டி கெட்டித் தயிருடன் மிக்சியில் நிறுத்தி நிறுத்தி அரைத்தால், மாம்பழத்தின் அசல் சுவைக்கு மிக அருகில் வருவது இதுதான். ஆனால் உடனே சாப்பிட்டாக வேண்டும். மறுபடி உறைய வைத்தால் கத்தியால்தான் வெட்ட வேண்டியிருக்கும்.

மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு கல் உப்பு போட்ட வாளிக்குள் பாத்திரத்தைச் சுழற்றிக் கடைவதும் உண்டு. உப்பும் ஐஸும் சேர்ந்து மைனஸ் 21 டிகிரி வரை குளிரக்கூடும் என்பதால் கலவை விரைவாக உறைகிறது. மென்மையில் மற்ற மூன்றும் இதற்குப் பின்னால்தான். கை மாற்றிக் கடைய வீட்டில் நான்கு பேராவது இருந்தால் முயலலாம்.

பழம் ஓய்ந்த மாதங்களில் டின் கூழ் வாங்குவோர், அதில் சர்க்கரை சேர்த்திருக்கிறதா என்று லேபிளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சேர்த்திருந்தால் கிரீம் முறையில் கண்டென்ஸ்டு மில்க்கைப் பாதியாகக் குறைத்துவிடலாம்; ஆலையிலேயே சூடாக்கப்பட்ட கூழ் என்பதால் பால் முறையில் அதைத் திரும்பக் காய்ச்சாமல் அப்படியே சேர்க்கலாம்.