அடுக்கடுக்காக நகலெடுப்பதா, ஈரத்திலேயே முடிப்பதா?

காமீய் பிசாரோ 1897ஆம் ஆண்டில் பாரிஸ் விடுதியொன்றின் சன்னலிலிருந்து மோன்மார்த்ர் பெருஞ்சாலையைப் பதினான்கு ஓவியங்களாகத் தீட்டினார். அவற்றுள் இரவுக் காட்சி ஒன்றே ஒன்று. அது இப்போது லண்டன் நேஷனல் கேலரியில் உள்ளது. எண்ணெய் வண்ணம் பயில்வோர் நகலெடுப்பதற்கு இதைவிடப் பொருத்தமான நகரக் காட்சி எனக்குத் தோன்றவில்லை. சாலை நடுவே வெண்மையாய் மின்விளக்குகள், இருபுறமும் மஞ்சளாய்க் கடைகளின் எரிவாயு வெளிச்சம், இவற்றின் சாயல் நீண்டு நெளியும் ஈரத் தரை என அனைத்தும் தூரிகைத் தீற்றல்களாகவே நிற்கின்றன. அருகில் சென்றால் மனிதரும் வண்டியும் கரைந்துவிடுகிறார்கள்.

இதை நகலெடுக்க இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, கட்டம் போட்டு வரைந்து, அம்பர் (umber) என்னும் மண்பழுப்பு போன்ற விரைவில் உலரும் ஒற்றை நிறத்தில் வெளிச்சத்தையும் நிழலையும் அமைத்து, அது உலர்ந்தபின் அடுக்கடுக்காக நிறம் ஏற்றுவது. இருள் எங்கே மிகுந்தது, எங்கே குறைந்தது என்ற பிழை நிறம் வருமுன்பே கண்ணில் பட்டுவிடும். நாம் பார்த்து வரையும் அச்சுப் படங்களில் மூல ஓவியத்தின் நிறம் ஒன்றுக்கொன்று மாறுபடுவதால், இந்த ஒற்றைநிறப் பயிற்சி நம்பகமான பிடிமானமும் ஆகும். ஆனால் ஒவ்வோர் அடுக்கிலும் கீழுள்ளதைவிட எண்ணெய் சற்று மிகுந்திருக்க வேண்டும். எண்ணெய் வண்ணம் நீர்வண்ணத்தைப் போல ஈரம் வற்றி உலர்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்தே இறுகுகிறது. எண்ணெய் குறைந்த மேலடுக்கு முந்தி இறுகிவிட்டால், கீழடுக்கு பின்னர் அசையும்போது வெடிப்பு விழும்.

இரண்டாவது, ஈரத்தின்மேல் ஈரமாக ஒரே அமர்வில் முடிப்பது. தொடங்குபவரை இது கலங்க வைக்கும். ஈர நீலத்தின்மேல் மஞ்சளைத் தேய்த்தால் பச்சையாகும். இன்னும் இருமுறை தேய்த்தால் சேறாகும். எனவே தூரிகையில் வண்ணத்தை நிறைய எடுத்து, அழுத்தாமல் ஒரே முறை வைத்து, உடனே எடுத்து, துணியில் துடைத்துவிட்டுத்தான் அடுத்த தீற்றலுக்குச் செல்ல வேண்டும். தவறிய இடத்தைக் கத்தியால் சுரண்டி மறுபடி வைக்கலாம். இவ்வாறு செய்யும்போது நாம் பிசாரோவின் வடிவங்களை மட்டுமல்ல, அவர் கையின் வேகத்தையும் திசையையும் பயில்கிறோம். அடுக்கு முறையில் மெல்லிய தூரிகையால் அதே தீற்றலை ஓரம் பிசகாமல் வரைந்தால், தீற்றலின் உருவம் வரும், ஓட்டம் வராது.

ஆகையால் இத்தகைய ஓவியத்துக்கு இரண்டாவது வழியையே நான் பரிந்துரைப்பேன். ஒரு பெரிய கேன்வாஸில் வாரக்கணக்கில் உழைப்பதைவிட, உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய பலகைகளில் ஐந்தாறு முறை நகலெடுப்பது கூடுதல் பயன் தரும். வெளிச்ச வேறுபாட்டில் கண் இன்னும் பழகாதவர் மட்டும், தூரிகை எடுக்குமுன் கரித்துண்டால் வெளிச்சம், இடைநிலை, இருள் என மூன்றே சாயல்களில் ஒரு குறிப்பு வரைந்துகொள்வது நல்லது. முதல் வழியின் சிறப்பில் பெரும்பகுதி அதிலேயே கிடைத்துவிடும்.

விளக்குப் புள்ளிகளைத் தடித்த வெள்ளையால் கடைசியில் வைப்பது இரு வழிகளுக்கும் பொது. உலர்ந்த இருளின்மேல் வைத்தால் அவை கூர்மையாக ஒட்டி நிற்கும். ஈர நீலத்தின்மேல் வைத்தால் விளிம்பு சற்றே கரைந்து, விளக்கைச் சூழ்ந்த ஒளிவட்டம் தானே பிறக்கும்.