சொரன்சனா, நூனனா? அதிபருக்கு உரை எழுதிய இருவர்

அமெரிக்க அதிபர்களுக்கு உரை எழுதியவர்களில் யாரைப் படித்துத் தொழில் கற்பது? கென்னடியின் டெட் சொரன்சன், ரீகனின் பெக்கி நூனன் என்ற இரண்டு பெயர்கள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. நடை வேறுபாட்டைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது, முடிவெடுக்கும் அறைக்குள் யாருக்கு நாற்காலி இருந்தது என்பதுதான்.

சொரன்சன் நெப்ராஸ்காவில் சட்டம் படித்தவர். 1953இல், 24 வயதில், செனட்டர் கென்னடியிடம் சேர்ந்தார். வெள்ளை மாளிகையில் அவருடைய பதவி சிறப்பு ஆலோசகர். உரை எழுதுவது அந்த வேலையின் ஒரு பகுதி. 1962 அக்டோபரில் கியூபா ஏவுகணை நெருக்கடியின்போது விவாதித்த குழுவிலும் அவர் இருந்தார். 1963 ஜூன் 10 அன்று அமெரிக்கன் பல்கலைக்கழகத்தில் கென்னடி ஆற்றிய சமாதான உரையைப் படித்துப் பாருங்கள். பிற நாடுகள் நடத்தாதவரை வளிமண்டலத்தில் அமெரிக்கா அணுச் சோதனை நடத்தாது என்ற அறிவிப்பு அதில் இருக்கிறது. இரண்டே மாதத்தில் சோதனைத் தடை ஒப்பந்தம் கையெழுத்தானது. சொல்லும் கொள்கையும் ஒரே உலையில் வெந்த உரை அது.

நூனன் வானொலியிலிருந்து வந்தவர். 1984இல் அவர் சேர்ந்தபோது நிலைமை மாறியிருந்தது. நிக்சன் காலத்திலேயே உரை எழுதுவது தனித் துறையாகிவிட்டது. கொள்கை வேறிடத்தில் முடிவாகும், வரைவு பல அலுவலகங்களுக்குச் சுற்றுக்குப் போய்வரும். ஆனால் நூனனின் செவி அபாரமானது. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். அன்றே ரீகன் பேசிய சில நிமிட உரையில், நேரலையில் அதைப் பார்த்துவிட்ட பள்ளிக் குழந்தைகளிடம் அவர் தனியாகப் பேசும் இடம் உண்டு. எத்தனை முறை வாசித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. எதிரெதிர்ச் சொற்களை அடுக்கிக் கட்டும் சொரன்சன் நடையால் அந்த இடத்தைத் தொட்டிருக்க முடியாது.

1988இல் அதிபர் வேட்பாளரான மூத்த புஷ்ஷுக்கு நூனன் எழுதிய கட்சி மாநாட்டு உரை வேறு கதை. ‘என் உதடுகளைப் பாருங்கள்: புதிய வரிகள் இல்லை’ என்ற வாக்கியம் ஆபத்தானது என்று பொருளாதார ஆலோசகர் ரிச்சர்ட் டார்மன் வெட்டச் சொன்னார், நூனன் விடவில்லை. அரங்கம் அதிர்ந்தது. 1990இல் பற்றாக்குறையைக் குறைக்க வரியை உயர்த்த நேர்ந்தபோது, 1992 தேர்தல்வரை அந்த வாக்கியம் புஷ்ஷைத் துரத்தியது. நூனனைக் குறை சொல்வதைவிட, கணக்குப் பார்ப்பவரையும் எழுதுபவரையும் பிரித்து வைத்த ஏற்பாட்டையே நான் குறை சொல்வேன். ஆகவே தொழிலுக்கு வருகிறவருக்கு என் பரிந்துரை சொரன்சன்.

அதிபர் உரைகளை ஆராயப் போகிறவருக்கோ நூனனே வாய்ப்பு. எந்த வரைவில் யார் எதை வெட்டினார் என்று தம் நினைவுக் குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். சொரன்சனோ, 1961 பதவியேற்பு உரையின் தம் கையெழுத்து முதல் வரைவை அழித்துவிட்டார். ‘நாடு உங்களுக்கு என்ன செய்யும் என்று கேட்காதீர்கள்’ என்ற வரியை எழுதியது யார் என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில்: ‘கேட்காதீர்கள்.’