புல்லட்டா, யெஸ்டியா, ஆர்எக்ஸ் 100-ஆ: மூன்று வண்டிகளின் போட்டியும் தோழமையும்

தமிழ்நாட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களுக்குள் எத்தனையோ கட்சிகள் உண்டு. அவற்றுள் மிகப் பழையதும் இன்றுவரை தீராததும் புல்லட், யெஸ்டி, ஆர்எக்ஸ் 100 ஆகிய மூன்றைச் சுற்றி எழுந்த வழக்கே ஆகும். இவற்றுள் எது சிறந்த வண்டி என்ற கேள்விக்குப் பலர் பலவாறு விடை சொல்லிவிட்டார்கள். இங்கே நான் எடைபோட விரும்புவது வண்டியோடு சேர்த்து அதன் ஆட்களையும்தான். எந்த வண்டிக்காரர் யாரோடு போட்டியிட்டார், யாருக்காக வழியில் நின்றார், அதற்கு வண்டியின் எஞ்சின் எந்த அளவுக்குக் காரணமாக இருந்தது என்பதே என் அக்கறை. மனிதரின் குணம் வண்டியைத் தேர்ந்தெடுக்கிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆண்டுக்கணக்கில் ஒரே வண்டியை ஓட்டியவர்களைப் பார்க்கும்போது, வண்டிதான் மனிதரின் குணத்தைப் பழக்கியிருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

பிறந்த வீடுகளே வேறுவேறானவை. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955-இல் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் எழுந்த அந்தத் தொழிற்சாலையின் புல்லட், ராணுவத்துக்கும் காவல்துறைக்கும் போய், அங்கிருந்து ஊர்ப் பெரிய மனிதர்களின் வாசலுக்கு வந்தது. ஆகவே அதிகாரத்தின் தோரணை தொடக்கத்திலேயே அதனுடன் ஒட்டிக்கொண்டது. செக் நாட்டு ஜாவாவை உரிமம் பெற்று மைசூரில் தயாரித்த ஐடியல் ஜாவா நிறுவனம் 1961-இல் உற்பத்தியைத் தொடங்கியது. எழுபதுகளில் யெஸ்டி என்று பெயர் மாறிய அந்த வண்டி, 1996-இல் தொழிற்சாலை மூடப்படும்வரை வந்துகொண்டிருந்தது. 1985-இன் இறுதியில் எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தின் வழியாக வந்த யமஹா ஆர்எக்ஸ் 100-க்கு ராணுவப் பெருமையும் கிடையாது, அரச குடும்பத்து நகரத்தின் பின்னணியும் கிடையாது. 98 சிசி கொள்ளளவும் நூறு கிலோவை ஒட்டிய எடையும் கொண்ட அந்தச் சின்ன வண்டி கல்லூரி வாசல்களில் நின்றது. நின்ற கொஞ்ச நாளிலேயே மற்ற இரண்டையும் சண்டைக்கு இழுத்தது.

அந்தச் சண்டை சிக்னலில்தான் நடக்கும். காகிதக் கணக்கின்படி அது நடக்கவே கூடாது. பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டுக்கு 346 சிசி கொள்ளளவும் 18 குதிரைத்திறனும் சொல்லப்பட்டன. ஆர்எக்ஸுக்குச் சொல்லப்பட்டது 11 மட்டுமே. ஓட்டுபவரின் எடையையும் சேர்த்து வகுத்துப் பார்த்தாலும் புல்லட்டே முந்த வேண்டும். ஆனால் பச்சை விளக்கு எரிந்த முதல் நூறு மீட்டரில் ஆர்எக்ஸின் சைலன்சர் புகையைத்தான் புல்லட்காரர் பார்ப்பார். டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை எரிந்து தள்ளுகிறது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் அந்தத் தள்ளு கிடைக்கிறது. புல்லட்டின் கனமான ஃப்ளைவீல், அதாவது எஞ்சினோடு சேர்ந்து சுழலும் எடைச் சக்கரம், நிதானமாக வேகம் பிடிக்கவும், பிடித்த வேகத்தை விடாமல் காப்பாற்றவும் அமைக்கப்பட்டது. ஆர்எக்ஸின் சுழல் உறுப்புகளோ ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் துள்ளும்.

இதில் இரண்டு தரப்பின் மனநிலையும் அடங்கியிருக்கிறது. ஆர்எக்ஸ்காரர் முந்தியதும் வென்றுவிட்டதாக எண்ணுகிறார். தாம் போட்டியில் இறங்கவே இல்லை என்று புல்லட்காரர் எண்ணுகிறார். தோல்வியை ஒருவர் ஏற்காதவரை போட்டி முடிவதில்லை. இந்த வழக்கு நாற்பது ஆண்டுகளாக நீடிப்பதன் காரணம் இதுவே. யெஸ்டி இந்த இடத்தில் நடுவில் நிற்கிறது. 250 சிசி டூ ஸ்ட்ரோக்கான யெஸ்டி ரோட்கிங்கின் 16 குதிரைத்திறனும், ஒற்றை சிலிண்டரிலிருந்து இருபுறமும் பிரியும் இரட்டை சைலன்சரும் அதற்குப் புல்லட்டின் கம்பீரத்தில் பாதியையும் ஆர்எக்ஸின் துடிப்பில் பாதியையும் கொடுத்தன. அதனால்தானோ என்னவோ, யெஸ்டிக்காரர்கள் யாரிடமும் வலியச் சென்று மோதியதில்லை.

சோழவரத்தில் இதற்கு முறையான இடம் ஒன்று இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தியது. பின்னர் பந்தயங்கள் இருங்காட்டுக்கோட்டைத் தடத்துக்கு மாறின. பந்தயத் தடத்தில் எஞ்சின் கொள்ளளவையொட்டி வகுப்புகளைப் பிரிப்பது வழக்கம் என்பதால், நூறு சிசி வண்டியும் முந்நூற்றைம்பது சிசி வண்டியும் அங்கே பெரும்பாலும் நேருக்கு நேர் சந்திப்பதில்லை. யார் எந்தத் தரத்துக்கு உரியவர் என்பதில் தடத்தில் ஐயம் எழாது. ஓடி முடித்தவர்கள் ஒரே கொட்டகையில் உட்கார்ந்து ஒருவரின் வண்டியை மற்றவர் ஆராயவும் முடியும். தெருவில் வகுப்பும் இல்லை, கொடி காட்டுபவரும் இல்லை, நடைபாதையில் செல்பவருக்குப் பாதுகாப்பும் இல்லை. அண்ணா சாலையிலோ கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ பந்தயம் ஓட்டுவதை வீரம் என்று பேசும் எந்தக் கட்சியையும், அது எந்த வண்டியின் கட்சியானாலும், நான் ஏற்க மாட்டேன். போட்டி இருக்கட்டும், அதற்கான தடம் நகரத்துக்கு வெளியே இருக்கிறது.

மலைப்பாதையில் கணக்கு முற்றிலும் மாறுகிறது. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையில் ஒற்றை ஆளாக ஏறும் ஆர்எக்ஸை மற்ற இரண்டும் எட்டிப் பிடிப்பது கடினம். வளைவுக்கு வளைவு வேகத்தைக் குறைத்து மீண்டும் எழுப்ப வேண்டிய பாதையில் எடையே பகை. பின்னால் ஒருவர் ஏறி உட்கார்ந்துவிட்டால் நிலைமை தலைகீழாகிறது. சுற்று குறைந்ததும் ஆர்எக்ஸ் திணறுகிறது, இரண்டாவது கியரிலேயே முனகிக்கொண்டு புல்லட் அதைக் கடந்து போகிறது. இறக்கத்தில் இன்னும் பெரிய வேறுபாடு உண்டு. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆக்சிலரேட்டரை மூடினால் வண்டியைப் பிடித்து நிறுத்தும் இழுப்பு மிகக் குறைவாகவே கிடைக்கும். முழுச் சுமையும் டிரம் பிரேக்கின் மீதுதான் விழும். பெட்ரோலில் ஆயிலைக் கலந்து ஓடும் ஜாவா, யெஸ்டி வண்டிகளுக்கு மற்றொரு ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. ஆயில் பெட்ரோலோடுதான் உள்ளே போகிறது என்பதால், ஆக்சிலரேட்டரை மூடியபடி நெடுந்தூரம் இறங்கினால் பிஸ்டனுக்கு ஆயிலும் கிடைக்காது. ஆகவே அனுபவப்பட்ட யெஸ்டிக்காரர் இறக்கத்தில் கிளட்சைப் பிடித்து அவ்வப்போது ஆக்சிலரேட்டரைத் திருகி ஆயிலை ஊட்டிக்கொண்டே இறங்குவார். பெட்ரோலும் ஆயிலும் தனித்தனியே இருந்து பம்பு வழியாக ஊட்டப்படும் ஆர்எக்ஸ்காரருக்கு இந்தக் கவலை குறைவு. புல்லட்காரருக்கோ அறவே இல்லை. கியரைக் குறைத்துவிட்டு எஞ்சினின் பிடிமானத்தில் அவர் நிம்மதியாக இறங்கி, கடைசியாகக் கிளம்பினாலும் அடிவாரத்துத் தேநீர்க் கடைக்கு முதல் ஆளாக வந்து சேர்வதுண்டு.

தேநீர்க் கடையில் வண்டியை மாற்றி ஓட்டிப் பார்க்கும் ஆசை எழுவது இயல்பு. அங்கேதான் இந்த மூன்று கூட்டங்களும் ஒன்றிடமிருந்து ஒன்று எவ்வளவு தள்ளி வளர்ந்தன என்பது தெரியும். பழைய புல்லட்டில் கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் இருக்கும். ஆர்எக்ஸ் ஓட்டிப் பழகியவர் அவசரத்தில் வலக்காலை மிதித்தால் வண்டி நிற்பதற்குப் பதிலாகக் கியர் மாறும். யெஸ்டியில் கிக்கரும் கியரும் ஒரே தண்டு. உதைத்து எழுப்பியபின் அதையே மடக்கித் திருப்பிக் கியராக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லாமல் கண்டுபிடித்தவர் அரிது. புல்லட்டை எழுப்புவது தனிக் கலை. சிலிண்டரின் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்தபடி கிக்கரை மெல்ல அழுத்தி, ஆம்பியர் மீட்டரின் முள் நடுவுக்கு வரும் கணத்தைப் பார்த்து, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு முழு உடலையும் இறக்கி ஒரே உதை உதைக்க வேண்டும். முள்ளைப் பார்க்காமல் உதைத்தவரின் கணுக்காலை எஞ்சின் திருப்பி உதைக்கும். இத்தனையும் கற்றுக்கொடுக்காமல் வண்டியைக் கைமாற்ற முடியாது என்பதால், ‘உன் வண்டியைக் கொடு’ என்று தொடங்குகிற பேச்சு கால் மணி நேரப் பாடமாக நீள்கிறது. எதிரெதிர்க் கட்சியினர் நண்பர்களானதை நான் அதிகம் கண்டது இந்தப் பாடத்தின்போதுதான். 2010-ஐ ஒட்டி எல்லாப் புல்லட்டுகளிலும் கியர் இடப்பக்கம் வந்து, படிப்படியாகப் பொத்தானை அழுத்தினால் எஞ்சின் எழுகிறது என்றான பிறகு, ஓட்டுவது எளிதாயிற்று. அந்தப் பேச்சுக்குத்தான் அவசியம் இல்லாமல் போனது.

தோழமையின் ஆழத்தில் மூன்றையும் வரிசைப்படுத்தச் சொன்னால், யெஸ்டிக்கே முதலிடம் தருவேன். தொழிற்சாலை மூடிய பிறகு வண்டியைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு முழுவதும் அதன் ஆட்களின் தலையில் விழுந்தது. பிளக்குக்கு மின்பொறி தரும் பாயின்ட் செட்டோ, கிளட்ச் தட்டோ, ஒரு ரப்பர் வளையமோ யாரிடம் இருக்கிறது என்பதை அறிந்து வைத்திருப்பதே பிழைக்கும் வழி என்றாகிவிட்டது. பெங்களூரிலும் மைசூரிலும் சென்னையிலும் இருந்த யெஸ்டிக்காரர்கள் ஒருவரையொருவர் தேடிக் கண்டது பெரும்பாலும் உதிரிபாகத்துக்காகவே. ஜூலை மாதத்து இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையை ஜாவா-யெஸ்டி தினமாகக் கொண்டாடும் வழக்கமும் அந்த உறவிலிருந்து கிளைத்ததுதான். அந்தப் பெயர் 2018-இல் ஜாவாவாகவும் 2022-இல் யெஸ்டியாகவும் புதிய கைகளில் மீண்டும் உயிர்பெற்றது. ஆனால் நடுவிலிருந்த இருபத்திரண்டு ஆண்டுகள் விளம்பரமோ விற்பனையாளரோ இல்லாமல் அந்தப் பெயரைக் காத்தவர்கள் இவர்களே.

ஆர்எக்ஸ்காரர்களின் தோழமை வேறு வகைப்பட்டது. ஊருக்கு ஊர் அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவராவது இருக்கிறார். சென்னையில் உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டையும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் இருக்கின்றன. வழியில் வண்டி நின்றால் பத்தில் ஒன்பது முறை ஸ்பார்க் பிளக்தான் காரணம். சாலையோரத்தில் குனிந்து உட்கார்ந்திருக்கும் ஆர்எக்ஸ்காரரைக் கண்டு நிறுத்துபவர் ‘என்னண்ணே, பெட்ரோலா, பிளக்கா?’ என்றுதான் கேட்பார். சூடான பிளக்கைத் துணியால் பிடித்துக் கழற்றி, கருத்த முனையை உப்புத்தாளில் தேய்த்து, சிலிண்டர் தலையில் வைத்துக் கிக்கரைத் தட்டி நீலப்பொறி வருகிறதா என்று இருவரும் தலை சேர்த்துப் பார்ப்பார்கள். பொறி வந்ததும் பெயர்கூடக் கேட்காமல் பிரிந்துவிடுவார்கள். கூட்டம் சேர்த்துக் கொண்டாடும் பழக்கம் இவர்களிடம் குறைவு. உதவி மட்டும் உடனே கிடைக்கும். அண்மைக்காலமாக நல்ல நிலையில் உள்ள ஆர்எக்ஸுக்குப் புது வண்டியின் விலையைத் தாண்டியும் கேட்கிறார்கள். இதனால் அது கல்லூரி மாணவர் கையிலிருந்து சேகரிப்பாளர் கொட்டகைக்கு மாறிக்கொண்டிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. ஓடாத ஆர்எக்ஸைச் சுற்றி எந்த உறவும் முளைக்காது.

புல்லட்காரர்களின் கூட்டம் மூன்றிலும் பெரியது, ஒழுங்கானது. மெட்ராஸ் புல்ஸ் போன்ற குழுக்கள் இதற்கு எடுத்துக்காட்டு. வரிசையில் செல்வது, முன்னால் வழிகாட்டியும் கடைசியில் ஒருவரும் நியமிப்பது, தலைக்கவசம் இல்லாதவரைச் சேர்க்காதது ஆகிய நல்ல பழக்கங்களை இத்தகைய குழுக்களே நம் ஊரில் பரப்பின. இமயமலைப் பயணங்களை நிறுவனமே ஆண்டுதோறும் நடத்துவதால் புதியவருக்கும் வழி திறந்திருக்கிறது. குறை என்னவென்றால், எண்ணிக்கை பெருகப் பெருகக் கதவும் மூடிக்கொள்கிறது. புல்லட்காரருக்குப் புல்லட்காரர் நிற்பார். பழுதாகி நிற்கும் நூறு சிசி வண்டிக்காரரைக் கடந்து போகும் வரிசைகளையும் பார்க்கிறோம். பழுது குறைந்த புது எஞ்சின்கள் வந்தபின் பிறருடைய கைத்துணை தேவைப்படாததும் இதற்கு ஒரு காரணம். கேடிஎம் டியூக் ஓட்டும் இளைஞர்களிடமும் இதே மாற்றத்தைக் காணலாம். கணினிக் கருவி இல்லாமல் சரிசெய்ய முடியாத வண்டியின் அருகில் நிறுத்துபவரால் தொலைபேசி எண் தேடித் தருவதைத் தவிர அதிகம் செய்ய இயலாது. அதற்காகவேனும் நிறுத்துபவர்களை நான் மதிக்கிறேன்.

எதிரில் வருபவருக்குச் செய்யும் வணக்கத்திலும் இந்த எல்லைகள் தெரிகின்றன. சாலையின் வலப்புறம் ஓட்டும் நாடுகளில் இடக்கையைத் தாழ நீட்டினாலே எதிரே வருபவருக்குத் தெரியும். நம் சாலையில் எதிர்ப்புறத்துக்கு அருகிலிருக்கும் வலக்கை ஆக்சிலரேட்டரில் இருக்கிறது. ஆகவே இடக்கையை உயர்த்துவதோ, தலையசைப்பதோ, முகப்பு விளக்கை ஒருமுறை மின்னவிடுவதோதான் வழி. லடாக் சாலைகளில் வண்டியின் இனம் பார்க்காமல் இது நடக்கிறது. விழுப்புரம் தாண்டிய நெடுஞ்சாலையில் தன் இன வண்டிக்கு மட்டும் கை உயர்கிறது. சாலை கடினமாகும்போது கட்சி கரைகிறது என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

மூன்று இனமும் கலந்து புறப்படும் பயணங்கள் இப்போது மீண்டும் தொடங்கியிருப்பதால், அவற்றுக்குச் சில சொற்கள். வேகத்தை யெஸ்டியின் நிதானத்துக்கு வையுங்கள். ஆர்எக்ஸை முன்னால் விட்டால் கூட்டம் சிதறும், புல்லட்டை முன்னால் விட்டால் பின்னால் வரும் டூ ஸ்ட்ரோக்குகள் குறைந்த சுற்றில் ஓடி பிளக் கருக்கும். ஏற்றத்தில் ஆர்எக்ஸ்காரர்களை அவர்கள் போக்கில் ஏறவிட்டு மேலே காத்திருக்கச் சொல்லலாம். இறக்கத்தில் புல்லட் கடைசியாக வரட்டும். பிரேக் சூடேறி வழியில் ஓய்வெடுப்பவரைக் கண்டு நிற்க அவருக்கே நிதானம் உண்டு. மூன்றில் பெட்ரோல் அதிகம் குடிப்பது யெஸ்டி என்பதால் பெட்ரோல் பங்கில் நிற்கும் இடங்களை அதை வைத்தே குறியுங்கள். டூ ஸ்ட்ரோக் ஆயில் பாட்டில்கள் எல்லாப் பங்கிலும் கிடைப்பதில்லை. அவற்றைச் சுமக்கும் பொறுப்பைப் பெட்டி பூட்டிய புல்லட்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.